கோட்டைத் திருப்பி அனுப்பியவள்

அக்காவுக்கு எதையும் மரியாதையாக வாங்கிக்கொள்ளத் தெரியாது. அவளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதலாம் என்றால் இதைத்தான் எழுதுவேன்.

போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில், மேன்லேண்டிலிருந்து வரும் சரக்கை இறக்கி வைக்கும் ஒரு ஷெட்டில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அவள் அங்கே மூட்டை தூக்கும் தினக்கூலி மஸ்தூர், ஷெட்டுக்கே அக்கா. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், இன்னும் அங்கே வேலை பார்ப்பவர்கள் என்னைத் தேடி, நான் இப்போது இருக்கும் திக்லிபூர் வரை பஸ் ஏறி வருவார்கள். அந்த ரோட்டில் அவ்வளவு தூரம் குலுங்கி வந்தவன் அடிக்காமல் திரும்ப மாட்டான்.

கேன்டீன் சேட்டன் டீயை நீட்டினால், கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "சேட்டா, டீயா இது? கப்பல் கழுவுன தண்ணியா?" என்று திரும்ப வைத்துவிடுவாள். சேட்டன் மலையாளத்தில் அவள் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு வேறு டீ போடுவார். அந்த இரண்டாவது டீ எப்போதும் நன்றாக இருக்கும். முதல் டீயைத்தான் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு குடித்தோம்.

ஒரு தீபாவளிக்கு ஒரு கான்ட்ராக்டர் ஜீப் நிறைய ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தான். அக்கா தன் பாக்ஸை அவன் முன்னாலேயே திறந்தாள்.

"மொதல்ல நீங்க ஒண்ணு தின்னுங்க சேட்டு."

"அட, எனக்கு சுகர்."

"ஒண்ணே ஒண்ணு. நல்ல நாளும் அதுவுமா."

தின்றான். முகம் கோணியது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். அக்கா பாக்ஸ்களையெல்லாம் சேர்த்து அடுக்கித் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பிலேயே வைத்துவிட்டு வந்தாள். எங்கள் கையில் இருந்ததையும் பிடுங்கித்தான். எனக்கு அன்று அவள்மேல்தான் கோபம். கெட்டுப்போன பால்கோவாதான், ஆனாலும் ஓசியில் வந்தது.

இந்தக் குணம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததா என்று தெரியாது. சுனாமிக்குப் பிறகு முற்றிவிட்டது என்று அவளே சொல்வாள். அவள் கச்சால் தீவுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களை அங்கே ரப்பர் வெட்டக் கொண்டுவந்து இறக்கினார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையாகக் கப்பலேறியவள். அவளுடைய அக்காள், இவளைவிட ரொம்பப் பெரியவள், அதற்குள் கல்யாணமாகி இலங்கையிலேயே தங்கிவிட்டாள். அப்போது பிரிந்தவர்கள்தான். ஃபோனில் பேசுவதோடு சரி.

சுனாமியில் கச்சால் போனபோது இவள் பிழைத்து போர்ட் பிளேர் முகாமுக்கு வந்தாள். மேன்லேண்டிலிருந்து உதவி உதவி என்று மூட்டை மூட்டையாக வந்தது. ஒற்றைக்கால் ஹைஹீல்ஸ். பித்தான் இல்லாத ஸ்கூல் யூனிஃபார்ம். இந்தப் புழுக்கத்தில், மலைமாதிரிக் கம்பளி. இவள் முறை வந்தபோது ஒருவன் கை விட்டு எடுத்துக் கொடுத்தது சரிகை போட்ட கல்யாண ஷெர்வானி, ஆம்பிளைக்குத் தைத்தது. இவள் அதைப் போட்டுக்கொண்டு அரிசி வரிசையில் நின்றாள். பார்வையிட வந்த பெரிய மனிதர் இவளைப் பார்த்துத் திகைத்து, "யாரும்மா நீ?" என்றாராம். "மாப்பிள்ளைங்க. பொண்ணத் தண்ணி கொண்டுபோயிருச்சு" என்றாளாம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கேட்கிறவனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாது. அந்த முழியைப் பார்க்கத்தான் சொல்கிறாளோ என்னவோ.

சில வருஷங்களுக்கு முன் இலங்கையில் மழை கொட்டி, ஆறு ஊருக்குள் வந்து, மலை சரிந்தது. எங்கள் ஷெட்டில் யாருக்கும் அது செய்தியே இல்லை. கப்பல் லேட்டானால் வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் எங்களுக்குச் செய்தி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஃபோர்க்லிஃப்ட் வரும் பாதையில் சிமென்ட் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எக்கா, தள்ளு. லாரி நிக்கி."

"நிக்கட்டும். எல்லாரும் இதக் கேட்டுட்டுப் போங்க."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அக்காளின் குரல். "பாப்பா, லயத்து வீடெல்லாம் போச்சுடி. மேல்பத்தி மலையிலேருந்து மண்ணு அப்படியே வந்திருச்சு. நாங்க உசுரோட ஸ்கூல்ல இருக்கோம். நீ அழுவாத."

எங்களில் பாதிப்பேர், நம்ம ஊர்த் தாடகைக்கு 'பாப்பா'வா என்று சிரித்துவிட்டோம். அவள் கவலைப்படவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், வருகிறவன் போகிறவன் எல்லாரையும் நிறுத்திக் கேட்க வைத்தாள். வங்காளி, தெலுங்கன், ராஞ்சிக்காரன், தமிழ் தெரியாதவனுக்கும் போட்டுக் காட்டினாள். "மேரி தீதி. கர் கயா," என்பாள். என் அக்கா, வீடு போச்சு. அதற்குமேல் மொழிபெயர்ப்பு கிடையாது. ஒரு வாரத்தில் ஹேடோ முழுக்க அந்தக் குரல் தெரிந்துவிட்டது.

விஷயம் மாடிக்கும் போனது. மாடியில் இருந்தவர் எங்கள் ஆபீசர், குன்னூர்ப் பக்கத்துத் தமிழர், மாற்றலாகி வந்தவர். தினக்கூலிகளுக்கு அடுத்த மாதம் வேலை உண்டா இல்லையா என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. அவர் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார். எங்கள் அலுவலகத்தில் விழிப்புணர்வு என்றால் ஃப்ளெக்ஸ் பேனர், சமோசா, மௌனம், போட்டோ. பேனரில் வெள்ளம் சின்னதாகவும் ஆபீசர் பெரிதாகவும் இருந்தார்கள். மௌனத்துக்கு நடுவில் ஒரு கப்பல் ஹாரன் அடித்தது. போட்டோ எடுத்து முடித்ததும் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி பேனர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் ஆபீசர்.

"போட்டோ எடுத்தாச்சுல்ல தொர? இது நல்ல கெட்டியா இருக்கு. கூரைக்கு ஆவும்."

ஆபீசர் முகத்தோடு சேர்த்து நாலாக மடித்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். அதுதான் இலங்கைக்கு என்று நாங்கள் சேர்த்ததில் முதல் பொருள்.

அவள் எல்லா அதிகாரிகளையும் 'தொர' என்றுதான் கூப்பிடுவாள். தேயிலைத் தோட்டத்து வார்த்தை. மரியாதை மாதிரிக் கேட்கும்.

எங்கள் பங்குச்சாமியார் வழி சொன்னார். சென்னைக் கப்பலில் போகும் கன்டெய்னரில் ஓரமாக இடம் வாங்கித் தருகிறேன், அங்கிருந்து கொழும்புக்குப் போகும், அந்த மலை ஊரில் தெரிந்த சாமியார் இருக்கிறார், அந்த ஸ்கூலுக்கே கொண்டுசேர்ப்பார் என்றார். எல்லாரும் துணி கொண்டுவர ஆரம்பித்தார்கள். வெள்ளம் என்று கேட்டால் ஜனங்களுக்கு முதலில் அலமாரி சுத்தம் பண்ணத்தான் ஞாபகம் வருகிறது. கிழிந்தது, சாயம் போனது, அவர்களே கரித்துணியாகப் போட யோசித்தது, எல்லாம் வந்தது.

கணக்கெழுதும் வங்காளி தாதா ஒரு பேன்ட் கொண்டுவந்தார். அக்கா விரித்துப் பார்த்தாள்.

"தாதா, பெஹன்கே திகாவ்." போட்டுக் காட்டு.

"ஜிப் நஹி ஹை," என்றார் தாதா, மெதுவாக.

"ஜிப்பு இல்லையா? வீடு போனவனுக்கு மானமும் தண்ணியோட போயிருச்சுன்னு யாரு சொன்னது ஒங்களுக்கு?" தமிழில்தான் கேட்டாள். தமிழ் தெரியாத தாதாவுக்கும் புரிந்தது.

அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். ஏக் தின் பெஹனோ, ஃபிர் தோ. கொடுக்கிற துணியை நீ ஒருநாள் ஷிப்ட் முழுக்கப் போட்டுக்கொண்டு வேலை பார். பிறகு துவைத்துக் கொண்டுவந்து கொடு. சொன்னது ஒரு தினக்கூலி. யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவள் வாய்க்குப் பயப்படாதவன் அந்த ஷெட்டில் இல்லை. பளு தூக்கும் வின்ச் ஓட்டும் தெலுங்கன் தன் தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சு விட முடியாமல் திரிந்தான். இன்னொருவன் கழுத்து தொங்கும் பனியனோடு வந்து, எல்லாரும் சிரிக்க, மத்தியானமே ஓடிப்போய் மாற்றிக்கொண்டான். பலபேர் கடைக்குப் போய்ப் புதுத் துணியே வாங்கிவந்தார்கள். போட்டுக் காட்டி அவமானப்படுவதைவிட அது சுலபம்.

மாடியிலிருந்து பியூன் ஒரு பெரிய பையைத் தூக்கிவந்தான். உள்ளே ஆபீசர் வீட்டுக் கம்பளிகள், ஸ்வெட்டர்கள், குரங்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே முழங்கால் வரைக்கும் வரும் கம்பளிக் கோட்டு ஒன்று. அக்கா கோட்டை இரண்டு விரலால் தூக்கினாள். பாச்சை உருண்டை வாடை.

"இது என்னா, செத்த கரடியா?"

"சாப் சொன்னார், அங்க மலைப்பக்கம் குளிருமாம்," என்றான் பியூன்.

"குளுருமா? டேய், இலங்கை என்னா? தீவு. நம்ம இருக்கிறது என்னா? தீவு. சுத்தியும் கடலு. இங்க எவனுக்காச்சும் என்னைக்காச்சும் குளுரியிருக்கா?"

ஷெட்டே இல்லை என்றது. நாங்கள் தீவுக்காரர்கள். தீவு என்றால் புழுக்கம். அதற்கு மேல் எங்களுக்கு யோசிக்க வரவில்லை.

"சுனாமியிலயும் இப்படித்தான் கம்பிளிய எங்க தலையில கட்டுனானுங்க. பொட்டியில எடத்த அடைக்கிறதுக்குன்னே குடுக்குறது." கோட்டைக் கொண்டுவந்து என் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கம்பிகளில் கை ஒன்றுக்கு ஒன்றாக மாட்டினாள். "தம்பி, தூக்கு."

"எக்கா, வேண்டாம்க்கா. அந்தாளு சைன் போட்டாத்தான் ஒனக்கு அடுத்த மாசம் வேல."

"ரப்பரு வெட்டுனேன், மூட்ட தூக்குனேன். இதுவும் போனா மீன் விப்பேன். தூக்குடா."

தூக்கினேன். நீண்ட நாளாகவே எனக்கும் அந்த ஆள்மேல் எரிச்சல்தான். கோட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மெல்ல மேலே போய் மாடி ஜன்னலுக்கு நேராக நின்றது. ஆபீசர் ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினார். தன் கோட்டைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தார். திரையை இழுத்துவிட்டார். பியூன் கோட்டையும் பையையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான்.  

அந்த வாரக் கடைசியில் அவள் அக்காள் கூப்பிட்டாள். வழக்கம்போல ஸ்பீக்கர், வழக்கம்போல நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தோம்.

"பாப்பா, துணியெல்லாம் இங்கயே குடுத்துட்டாங்கடி. குளுருதான் தாங்கல. ஸ்கூல் தரையில படுத்தா எலும்புக்குள்ள ஏறுது. புள்ளைங்க தூங்காம அழுவுதுங்க. கம்பிளி எதுனாச்சும் கெடைச்சா பாரு."

"குளுரா? என்னாக்கா சொல்ற? நீ இலங்கையிலதானே இருக்க?"

"பின்ன லண்டன்லயா இருக்கேன்? மலையுச்சிடி இது. அம்மா ஒனக்கு ஒண்ணுமே சொல்லலியா?"

அக்கா கையில் இருந்த சோற்றைக் கீழே வைத்தாள். "சொன்னிச்சு. வெடியக் காலையில கம்பிளியப் போத்திக்கிட்டுக் கொழுந்து பறிச்சோம்னு. கெழவி எங்கள எழுப்பி வேல வாங்குறதுக்குப் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி" என்று அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. சிரிப்பு இருமலாக மாறி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அது ஷெட் முழுக்கக் கேட்டது. லைன் போய்விட்டது.

கன்டெய்னரை மூட இரண்டு நாள்தான் இருந்தது. போர்ட் பிளேரில் கம்பளி தேடுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அக்கா, தான் திட்டிய ஒவ்வொருவன் வீட்டுக்கும் போனாள். வெட்கப்பட்டாளா என்றால், இல்லை. "தாதா, கம்பிளி இருக்கா? ஜிப்பு இல்லாட்டியும் பரவால்ல." பட்டாளத்திலிருந்து வந்த வாட்ச்மேன் ஒன்று கொடுத்தான். ராஞ்சிக்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்ததைக் கொடுத்தார்கள். சுனாமியில் வந்த கம்பளிகளைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பரணில் போட்டு வைத்திருந்த வீடுகள் இருந்தன. அவற்றைத் தட்டி இறக்கினோம். அப்படியும் ஒரு பெட்டிதான் தேறியது. நல்ல கனமான கம்பளிகள் எல்லாம் மாடியில், அந்தப் பையில்.

அவள் மேலே போனபோது, என் ஓவர்டைம் பேப்பரில் கையெழுத்துக்காக நான் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

"தொர, அந்தக் கரடி வேணும்."

ஆபீசர் நிமிரவில்லை. "எந்தக் கரடி?"

"ஒங்க கோட்டு. கம்பிளி. பையோட."

"தீவுல குளிராதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"சொன்னேன். குளுருதாம்."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு."

"கேட்டா குடுப்பீங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அதெல்லாம் வேண்டாம். உங்க சட்டம் ஒண்ணு இருக்காமே, ஒருநாள் போட்டுட்டுத்தான் கொடுக்கணும்னு. எனக்கு நாளைக்கு மீட்டிங். எனக்குப் பதிலா நீங்க போடுங்க. ஷிப்ட் முழுக்க. அப்புறம் பையை எடுத்துக்கிட்டுப் போங்க."

 நான் எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"குல்லாவும் போடணுமா?"

"குல்லாவும்."

"சரிங்க தொர."

மறுநாள் பார்த்து சிமென்ட் இறங்கியது. காலையிலிருந்தே காற்றில்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அக்கா முழங்கால் வரைக்கும் கம்பளிக் கோட்டு, பித்தான் எல்லாம் போட்டு, தலையில் குரங்குக் குல்லாவோடு மூட்டை தூக்கினாள். முதலில் எல்லாரும் சிரித்தோம். மற்ற ஷெட்டுகளிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவளும் கரடி மாதிரி இரண்டு உறுமு உறுமிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. வேர்வை கோட்டுக்கு வெளியே கறையாக வந்துவிட்டது. சேட்டன் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார், பார்க்காமல் குடித்தாள். வின்ச் ஓட்டுபவன் அவளுடைய மூட்டைகளைத் தான் தூக்கப் போனான். "எடுத்தா கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

மத்தியானம் ஆபீசர் தானே இறங்கி வந்தார். "போதும்மா, கழட்டுங்க. விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளையாட்டுக்குப் போடலியே தொர. கையிலேயே வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்றதுக்கு நாளைக்கு ஒங்களுக்கு ஒரு சாக்கு இருக்கக் கூடாதுல்ல."

 அந்த ஆள் மனம் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. மேலே போய் ஏசியைப் போட்டுக்கொண்டார். அடுத்த மாதத்துக்கு அவள் வேலையில் கைவைக்கவில்லை என்பதற்காக அவரைப் பெரிய மனசு என்று சொல்பவர்கள் இன்னும் ஹேடோவில் இருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையை ஒருநாள் முழுக்க வேகவைத்தவனுக்கு என்ன பெரிய மனசு.

மூன்று மணிவாக்கில் மூட்டைமேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கண் சொருகியது. குல்லாவைக் கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். ஷிப்ட் முடியும் சங்கு அடித்த பிறகுதான் கழற்றினாள். கோட்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல இருந்தது. கன்டெய்னர்காரன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். துவைக்க எங்கே நேரம்? அப்படியே மடித்து, அவள் அக்காள் பெயர் எழுதிய பெட்டியில் மேலாக வைத்து நாடா ஒட்டினாள். பையில் இருந்த மற்ற கம்பளிகளும் ஏறின. கதவு சாத்தினார்கள். அவள் அப்படியே தரையில் படுத்துவிட்டாள்.

பிறகு எத்தனை வாரம் போனது என்று எனக்கு ஞாபகமில்லை. கப்பல் போனது, சென்னையில் கிடந்தது, கொழும்பில் கிடந்தது. அக்கா சாமியாரை நாளெல்லாம் நச்சரித்தாள். சாமியார் அவளைக் கண்டால் பூசை உடுப்பு மாற்றும் சாக்ரிஸ்டிக்குள் ஒளிய ஆரம்பித்தார். கடைசியில் ஒரு சாப்பாட்டு நேரத்தில் குரல்செய்தி வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, பொட்டியெல்லாம் வந்திருச்சுடி. கம்பிளி எல்லாருக்கும் ஆச்சு. புள்ளைங்க நல்லாத் தூங்குதுங்க. எனக்கு ஒரு கோட்டு வந்திருக்கு. நல்ல கனம். ஆனா எவளோ போட்டு வேர்த்து ஊத்தி, நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு நாத்தம். அலசக்கூட மாட்டாம அனுப்பியிருக்கா பாரு, மூதேவி. அவ மட்டும் என் கையில கெடைச்சா!"

ஷெட் வெடித்தது. வின்ச் ஓட்டுபவனுக்குப் புரைக்கேறியது. தமிழ் புரியாத தாதாவுக்கு யாரோ சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாக்கா? மூதேவியாம்!" என்று நானும் கத்தினேன்.

அக்கா சிரிக்கவில்லை. திருப்பித் திட்டவும் இல்லை. ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"ஆமாக்கா, மூதேவிதான். தொவைச்சிராத. அந்தக் குளுருல காயாது. அப்படியே போட்டுக்க."